சுண்டாங்காட்டுத் துபாஷி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தாம் வருஷம் ஜனவரி முடிந்தபோது வத்ஸலாவிடம் இந்தி படிக்க ஒருவர்கூட மிச்சமில்லை. பொங்கல் வரைக்கும் முப்பத்தெட்டுப் பேர் வந்துகொண்டிருந்தார்கள். ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதியில் அவள் வீட்டுக் கூடத்தில் காலையில் ஒரு வகுப்பு, சாயங்காலம் ஒரு வகுப்பு. மாணவர் கிளர்ச்சி சூடு பிடித்த வாரத்தில் யாரோ வாசல் பலகையில் தார் பூசிவிட்டுப் போனார்கள். எழுத்தின் மேல் மட்டும், மரச் சட்டத்தில் ஒரு சொட்டுப் படாமல் பூசியிருந்தது. இத்தனை சுத்தமாக வேலை செய்கிறவன் தன்னிடம் படித்த பையனாகத்தான் இருக்கும் என்று வத்ஸலா நினைத்துக்கொண்டாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. பலகையைக் கழற்றி உள்ளே வைத்தாள்.

அவள் கணவன் யதிராஜன் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் குமாஸ்தா. பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவர் ஏழு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பினால் பிறகு அவளுக்குப் பேச ஆள் கிடையாது. பதினாறு வருஷம் சத்தம் போட்டுப் பழகிய தொண்டை. பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் சமையலறையில் தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்தாள்.

ஜூன் மாதத்தில் ஒருநாள் கிளமென்ட் வந்தார். அவருடைய மகள் முன்பு வத்ஸலாவிடம் படித்தவள். அவருக்கு இப்போது ஊருக்குத் தெற்கே வந்திருக்கும் ராணுவ முகாமில் எழுத்தர் வேலை.

"டீச்சர், உங்களுக்கு இந்தி தெரியும்கிறதாலதான் உங்ககிட்ட வந்தேன். ஆனா சொல்லித்தர வேண்டியது தமிழு."

"யாருக்கு?"

"மிலிட்டரிக்காரங்க சம்சாரங்களுக்கு. பஞ்சாப், பீகார், கர்வால்னு எங்கெங்கேருந்தோ வந்திருக்காங்க. கடைக்குப் போனா ஒரு கத்திரிக்கா வாங்கத் தெரியல. தெனம் ஒரு சண்டை. மேஜர் சாப் சொல்றாரு, ஒரு லேடி டீச்சர் கெடச்சா வாரம் மூணு நாள் கிளாஸ் வைக்கலாம்னு."

யதிராஜன் அன்று ராத்திரி சாப்பாட்டின்போது இதைக் கேட்டுவிட்டு, சாத்தமுதைக் கையில் ஏந்தியபடி கொஞ்ச நேரம் யோசித்தார். "மாமிசம் சாப்பிடற இடம். ஒண்ணும் வாயில போட்டுக்காதே. வந்ததும் தீர்த்தமாடிடு. அப்புறம் உன் இஷ்டம்" என்றார். அவ்வளவுதான் அவர் ஆட்சேபணை.

முகாம் இருந்த இடத்துக்குச் சுண்டாங்காடு என்று பெயர். விமான நிலையத்தைத் தாண்டி, புதுக்கோட்டை ரோட்டிலிருந்து பிரிந்து போகிற மண்பாதையில் நாற்பது வீட்டு ஊர். கம்பும் சோளமும் வானத்தைப் பார்த்து விளையும். சீனாக்காரன் சண்டைக்கு அடுத்த வருஷம் பொட்டல் முழுவதும் முள்கம்பி வேலி வந்தது. வேலிக்குப் பின்னால் தகரக் கொட்டகைகள், பிறகு கல் கட்டடங்கள், தண்ணீர்த் தொட்டி. வேலிக்கு முன்னால் டீக்கடை, சைக்கிள் கடை, கோதுமை அரைக்கிற மில், இந்தியில் எழுத்துப் பிழையோடு பெயர்ப்பலகை வைத்த தையல் கடை. டவுன் பஸ் ஜங்ஷனிலிருந்து ஊர் எல்லைவரை நீண்டது. கிழக்கே பெரிய ஆலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. திருச்சிராப்பள்ளி எல்லாத் திசையிலும் ஒரே சமயத்தில் கால் நீட்டிக்கொண்டிருந்தது. கிராமத்தார் ஏரைத் தூக்கி எரவாணத்தில் செருகிவிட்டு, நிலத்தில் வரிசையாக அறைகளைக் கட்டி வாடகைக்கு விட்டார்கள். முகாமுக்குள் குடும்பங்களுக்கு வீடு போதாததால், மேல் அதிகாரிகள் தவிர மற்றவர் எல்லாரும் ஊருக்குள்தான் குடியிருந்தார்கள்.

பவுனம்மாளுக்கு அப்படி ஆறு அறை. புருஷன் போன பிறகு தனியாக வெள்ளாமை பார்த்தவள். ஐம்பது வயது, குச்சி போன்ற உடம்பு, ஊரெல்லாம் கேட்கிற குரல். ஆறாவது அறையில் ஹர்பன்ஸ் கௌர் குடியிருந்தாள். பஞ்சாபிலிருந்து வந்த, நாயக் பதவியில் இருந்த சிப்பாய் ஒருவரின் மனைவி. ஆறடி உயரம், நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று, ஓர் எருமை. பால் இல்லாமல் இருக்க முடியாது என்று மணப்பாறைச் சந்தையில் அதை வாங்கி, இருபத்தைந்து கல் தானே நடத்தி ஓட்டி வந்தவள். அதற்காகவே ஊரில் அவளுக்கு ஒரு மரியாதை இருந்தது, பவுனம்மாளிடம் தவிர.

வத்ஸலா வகுப்பு எடுத்த முதல் நாளே இரண்டு பெண்களுக்கும் நடுவில் போய் நிற்க வேண்டியதாயிற்று. கிணற்றடியில் இருவரும் ஆளுக்கொரு பாஷையில் கத்திக்கொண்டிருந்தார்கள். கிளமென்ட் வந்து கூப்பிட்டார்.

"நல்லவேளை, வாங்க டீச்சரம்மா" என்றாள் பவுனம்மாள். "கெணத்தடியில எருமையக் கழுவுறா. இது குடிக்கிற தண்ணியா, எருமை முங்குற குட்டையா? மாட்டோட மாடா வளந்த முண்டமே, உனக்குப் புத்தி இருக்கான்னு அவ பாஷையில கேளுங்க."

வத்ஸலா ஹர்பன்ஸ் கௌரிடம் திரும்பினாள். அவளுடைய இந்தி புத்தகத்து இந்தி. ரேடியோவில் செய்தி வாசிப்பது போல இருக்கும். "கிணறு சிறியது. எருமையைச் சற்றுத் தள்ளிக் குளிப்பாட்டினால் வீட்டுக்காரம்மாள் மிகவும் சந்தோஷப்படுவார்" என்றாள்.

ஹர்பன்ஸ் கௌர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். எங்கள் ஊர்க் கிணறு ஒன்று ஐந்து ஏக்கருக்குத் தண்ணீர் விடும், இது கிணறு இல்லை, எச்சில் துப்புகிற படிக்கம், அந்த வற்றல் மிளகாய்க்குச் சொல் என்றாள்.

"என்ன சொல்றா?"

"அவா ஊர்ல கிணறெல்லாம் ரொம்பப் பெரிசாம். அந்தப் பழக்கத்துல பண்ணிட்டாளாம். இனிமே தள்ளி வெச்சுக்கறாளாம்."

பவுனம்மாளின் முகம் இறங்கிவிட்டது. இத்தனை பணிவான பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை. "சரி, பொழைக்க வந்த எடத்துல அவளும் என்ன பண்ணுவா" என்று வாளியை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் ஆறாவது அறை வாசலில் ஒரு கட்டு முருங்கைக்காய் கிடந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாவிட்டாலும், ஹர்பன்ஸ் கௌர் பதிலுக்கு ஒரு செம்பு மோர் அனுப்பினாள்.

வத்ஸலாவுக்குத் தன் மேலேயே ஒரு வியப்பு உண்டாயிற்று. இலக்கணம் சொல்லிக் கொடுத்துப் பரீட்சைக்கு அனுப்பியதில் எந்தக் காலத்திலும் இப்படி ஒன்று நடந்ததில்லை. ஒரு பாஷையில் நெருப்பாகப் போட்டது இன்னொரு பாஷையில் பூவாக விழுகிறது. நடுவில் இருப்பது தான் ஒருத்திதான். திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் போனாள். முகாம் வேலியோரத் தகரக் கொட்டகை ஒன்றில் வகுப்பு; பதினைந்து பெண்கள். 'தயவுசெய்து', 'நன்றி', 'மன்னியுங்கள்', 'இது என்ன விலைங்க' என்று சொல்லிக்கொடுத்தாள். வகுப்பு முடிந்ததும் ஏதாவது ஒரு வாசலில் ஏதாவது ஒரு பஞ்சாயத்து. வண்ணாரிடம், பால்காரரிடம், வாடகை வீட்டுக்காரர்களிடம். எல்லாவற்றையும் சீவிச் செதுக்கி, முள் எடுத்து, அந்தப் பக்கம் கொடுத்தாள். ஊரில் சண்டை குறைந்தது என்று மேஜரே சொன்னாராம்.

"வெள்ளைக்காரன் காலத்துல மொழிபெயர்த்துச் சொல்லத் துபாஷின்னு இருந்தாங்களாமே டீச்சர், அந்த மாதிரி நீங்க சுண்டாங்காட்டுத் துபாஷி" என்றார் கிளமென்ட். அவள் அதை வீட்டில் வந்து யதிராஜனிடம் சொன்னாள். அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "துபாஷி எல்லாரும் பெரிய பணக்காராளா இருந்தா" என்றார்.

செப்டம்பரில் பாகிஸ்தானோடு சண்டை வந்தது. முகாமில் பாதிப் பேர் வடக்கே போனார்கள், ஹர்பன்ஸ் கௌரின் கணவரும் போனார். சண்டை நின்ற பிறகும் அவர்கள் எல்லையிலேயே இருந்தார்கள். ஹர்பன்ஸ் கௌர் கடிதத்துக்காகக் காத்திருந்தாள், எருமையைப் பார்த்துக்கொண்டாள். அதுவரை வேப்பமரத்தடியில் நின்ற எருமைக்கு ஐப்பசி மழை ஆகவில்லை. தன் அறைக்குப் பக்கவாட்டில், தாழ்வாரம் நீண்டிருந்த இடத்தில், சுவரில் ஒரு இரும்பு முளையை அடித்து அதில் கட்டினாள்.

அடுத்த புதன்கிழமை வத்ஸலா பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பவுனம்மாள் வந்து மறித்துக்கொண்டாள்.

"டீச்சரம்மா, வந்து அந்தத் தடிச்சிறுக்கிகிட்ட சொல்லுங்க. செவுத்துல மொளை அடிச்சு எருமையக் கட்டியிருக்கா. எந்த ஊர்லயாவது இந்த அக்கிரமம் உண்டா? அது ஒரு இழுப்பு இழுத்தா செவுரு அப்படியே அவ தலையில வந்து விழும், செத்துத் தொலைவா. இவளுக்கு எருமையே தேவலாம்னு சொல்லுங்க."

இரண்டு பேரும் ஆறாவது அறைக்குப் போனார்கள். தூறிக்கொண்டிருந்தது. வத்ஸலாவுக்குப் புடைவைக் கரை நனைந்திருந்தது, வகுப்புக்கு நேரமாகிவிட்டது. பவுனம்மாள் பேசியதில் பாதி வழக்கம்போல வசவு என்று அவள் தள்ளினாள். சுவர் விழும், நீ சாவாய் என்பதும் அவள் காதில் வசவாகவே விழுந்தது; சுண்டாங்காட்டில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை யாராவது யாரையாவது செத்துத் தொலையச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். புருஷன் எல்லையில் இருக்கிறவளிடம் சாவு என்ற வார்த்தையை எப்படிச் சொல்வது என்றும் தோன்றியது. மிச்சத்தில் அவளுக்குக் கிடைத்தது ஒரு சுவர், ஒரு எருமை.

"போன மாசம்தான் சுவருக்கு வெள்ளையடித்தாராம். அழுக்காகிவிடுமே என்று வருத்தப்படுகிறார்" என்று இந்தியில் சொன்னாள்.

ஹர்பன்ஸ் கௌர் பவுனம்மாளின் தோளைத் தட்டினாள். மழை விட்டதும் தானே நன்றாக வெள்ளையடித்துத் தருவதாகச் சொன்னாள்.

"மழை விட்டதும் சரி பண்ணிடறாளாம்" என்றாள் வத்ஸலா.

"மழை விட்டதுமா? வெளங்கும்" என்று பவுனம்மாள் முணுமுணுத்தாள். ஆனால் அதற்கு மேல் அவளும் வற்புறுத்தவில்லை. ஏனென்று வத்ஸலாவுக்கு அப்போது தெரியாது.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். நாலு நாள் மழைக்குப் பிறகு வெயில் அடித்தது. வத்ஸலா வகுப்பில் 'மழை நின்றது' என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். ஹர்பன்ஸ் கௌரின் குழந்தை மற்றப் பிள்ளைகளோடு கொட்டகை வாசலில் விளையாடிக்கொண்டிருந்தது; தாய் மட்டும் வகுப்புக்கு வரவில்லை. வெளியே தடதடவென்று வண்டியிலிருந்து கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு பவுனம்மாளின் குரல்.

அவர்கள் ஓடிப்போனபோது ஆறாவது அறையின் பக்கச் சுவர் இருந்த இடத்தில் ஆகாயம் தெரிந்தது. எருமை தொலைவில் சோளத்தட்டைக்குள் நின்றது. கழுத்துக் கயிற்றில் இரும்பு முளை தொங்கிக்கொண்டிருந்தது. மாவு பிசைந்துகொண்டிருந்த ஹர்பன்ஸ் கௌர் இடுப்புவரை மண்ணுக்குள் கிடந்தாள். பவுனம்மாள் முழங்கால் போட்டு உட்கார்ந்து வெறும் கையால் மண்ணை வாரி எறிந்துகொண்டு, "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, படிச்சுப் படிச்சுச் சொன்னேனே" என்று கத்திக்கொண்டிருந்தாள். அவள் விரல் நகங்களில் ரத்தம். சிப்பாய்கள் நாலு பேர் வந்து தூக்கினார்கள். ராணுவ லாரியில் புத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வத்ஸலா ஓரமாக நின்று பார்த்தாள். சுவரிலிருந்து விழுந்தவை எல்லாம் சுடாத பச்சைக் கற்கள். மழையில் ஊறி அவை சேறாகக் கரைந்திருந்தன.

அன்று அவள் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள். யதிராஜன் வந்து என்ன என்று கேட்டார். நடந்ததைச் சொன்னாள்.

"நீ என்ன பண்ணுவே, சுவர் விழுந்தா?"

"அது விழும்னு வீட்டுக்காரி சொன்னா. நான்தான் வெள்ளையடிச்ச சுவர் அழுக்காயிடும்னு சொன்னேன்."

யதிராஜன் சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "ஏன் அப்படிச் சொன்னே?"

"நன்னா இருக்கட்டும்னுதான்."

அவர் சட்டையைக் கொடியில் போட்டார். தானே போய் அடுப்பு மூட்டி அரிசி களைந்து வைத்தார். கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் அது முதல் தடவை. அதை அவர் ஆறுதலாகச் செய்தாரா, வேறு எப்படியா என்று வத்ஸலாவுக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஹர்பன்ஸ் கௌருக்கு வலது காலில் இரண்டு இடத்தில் முறிவு. தொடை வரை மாவுக்கட்டு. பெண்கள் வார்டில் அவள் நீளத்துக்குக் கட்டில் போதவில்லை, பாதம் கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கட்டிலருகே தரையில் பவுனம்மாள் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தாள். குழந்தை அவள் மடியில் தூங்கியது. பவுனம்மாளின் விரல்களில் துணி சுற்றியிருந்தது. இரண்டு பேரும் பேசிக்கொள்ள வழியில்லாமல் காலையிலிருந்து அப்படியே இருந்திருக்கிறார்கள்.

வத்ஸலாவைக் கண்டதும் ஹர்பன்ஸ் கௌர்தான் முதலில் ஆரம்பித்தாள். அவளிடம் கேள், சுவர் இப்படி இருக்கிறதென்று தெரிந்தும் ஏன் எனக்குச் சொல்லவில்லை?

"என்னாங்க சொல்றா?" என்றாள் பவுனம்மாள்.

வத்ஸலா சொன்னாள்.

பவுனம்மாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தே விட்டாள். "சொல்லலையா? நானா? உங்களை வெச்சுக்கிட்டுத்தானேங்க சொன்னேன்! செவுரு விழும், நீ செத்துருவேன்னு சொல்லல?"

இரண்டு முகமும் அவளையே பார்த்தன. பக்கத்துக் கட்டில்காரியும் திரும்பிப் பார்த்தாள். வத்ஸலா முதலில் தமிழில் சொன்னாள்: "நீங்க சொன்னேள். நான் அவகிட்ட சொல்லலை. சுவர் அழுக்காயிடும்னு மாத்திச் சொன்னேன்." பிறகு அதையே இந்தியில் சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. கிணற்றடியில் நடந்ததிலிருந்து எல்லாவற்றையும், முண்டத்தையும் வற்றல் மிளகாயையும் எச்சில் படிக்கத்தையும், இந்தப் பாஷையில் பாதி, அந்தப் பாஷையில் பாதி என்று சொல்லித் தீர்த்தாள். 

 பிறகு ஹர்பன்ஸ் கௌர் பேசினாள். பஞ்சாபியில் தொடங்கி, வத்ஸலாவுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக இந்திக்கு வந்து, விரலை நீட்டி, தலையணையிலிருந்து தலையைத் தூக்கிப் பேசினாள். முடித்துவிட்டு, "இதை அவளுக்குச் சொல். ஒரு சொல்லைக்கூட விடாதே" என்றாள்.

வத்ஸலா பவுனம்மாளைப் பார்த்து நின்றாள். வகுப்பில் பாடம் ஒப்பிப்பதுபோலக் கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"நான் ஒரு பொய்க்காரியாம். படிச்ச கழுதையாம். ரெண்டு பொம்மனாட்டிகளை வெச்சுண்டு பொம்மலாட்டம் ஆடினேனாம். அவளுக்குக் கால் போனதுக்கு நான்தான் காரணமாம். அவ செத்திருந்தா இந்தக் குழந்தைக்கு என் புத்தகத்துலேர்ந்து எந்த வார்த்தையை எடுத்துச் சொல்லியிருப்பேன்னு கேக்கறா." மூச்சு வாங்கிக்கொண்டாள். "உங்களையும் கேக்கறா. பச்சைக் கல்லுல சுவர் வெச்சு மனுஷாளைக் குடி வைக்கறது பாவம் இல்லையாங்கறா. வாடகைக்கு ஆசைப்பட்ட பேய்ங்கறா."

பவுனம்மாள் குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள். சண்டைக்கு வருவாள் என்று வத்ஸலா எதிர்பார்த்தாள். அவள் தணிந்த குரலில் பேசினாள்.

"சொல்லுங்க டீச்சரம்மா. அவ சொன்னது நெசந்தான்னு சொல்லுங்க. அஞ்சு ரூமு சுட்ட கல்லுலதான் கட்டினேன். ஆறாவதுக்குக் கல்லு கெடைக்கல. ஊரே கட்டுது, சூளையில எனக்கு எங்க கல்லு? மிலிட்டரிக்காரங்க வந்து ரூமு இருக்கா, ரூமு இருக்கான்னு கேட்டுக்கிட்டே நின்னாங்க. பச்சக் கல்லு வெச்சு, மேல வெள்ளையடிச்சு மறைச்சேன். அதனாலதான் நான் நல்லபடியா சொல்லல. நல்லபடியா சொன்னா செவுரு ஏன் விழும்னு கேப்பாளே. திட்டுற மாதிரி சொல்லிட்டா, சொன்னதாவும் ஆச்சு, கேள்வியும் வராதுன்னு பாத்தேன். அதையும் சொல்லிருங்க."

வத்ஸலா சொன்னாள், கூட்டாமல், குறைக்காமல். ஹர்பன்ஸ் கௌர் கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் மன்னித்ததாகவோ மன்னிக்கவில்லை என்றோ சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, தூக்குவாளியில் என்ன என்று தமிழில் கேட்டாள். "கஞ்சி" என்றாள் பவுனம்மாள். "உப்பு இருக்கா?" என்றாள். இருக்கிறது என்று பவுனம்மாள் தலையாட்டினாள்.

பஸ்ஸில் திரும்பும்போது இனி அங்கே போவதில்லை என்று வத்ஸலா தீர்மானித்தாள். காவிரிப் பாலம் வந்தபோதும் அதே தீர்மானம்தான். புதன்கிழமை காலை கிளமென்ட் வீட்டுக்கு வந்து, முந்தின நாள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்ததாகச் சொன்னார். டாக்டர் பேசுவது ஹர்பன்ஸ் கௌருக்குப் புரியவில்லையாம். "டீச்சரைத்தான் வரச் சொல்லுன்னாங்க. வேற ஆளைப் போடவான்னு நானே கேட்டேன். 'வேண்டாம், அவ இனிமே பொய் சொல்ல மாட்டா, பயந்திருக்கா'ன்னு சொன்னாங்க." கிளமென்ட் இதைச் சங்கடத்தோடு சொன்னார். வத்ஸலா புடைவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

தை மாதத்தில் பவுனம்மாள் ஆறாவது அறைச் சுவரைச் சூளைக் கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துத் திரும்பக் கட்டினாள். அதற்குள் கொத்தனாருக்குக் கல் எடுத்துக் கொடுக்கிற அளவுக்கு ஹர்பன்ஸ் கௌர் கம்பை ஊன்றி நடந்தாள். காலில் ஒரு சாய்வு கடைசிவரை இருந்தது. வத்ஸலாவின் வகுப்பில் பாடம் மாறியது. 'தயவுசெய்து', 'நன்றி' எல்லாம் பின்னால் போயிற்று. முதல் நாளே 'விழும், சாயும், சுடும், கடிக்கும், தள்ளிப் போ' என்று எழுதிப்போட்டாள். பிறகு கிராமத்து வசவுகளை ஒன்றொன்றாகச் சொல்லி, இதில் வெறும் கோபம் எவ்வளவு, விஷயம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டினாள். கீழச் சித்திரை வீதியில் பிறந்த வாய்க்கு அந்த வார்த்தைகள் எளிதில் வரவில்லை. பவுனம்மாள் ஒரு நாள் ஜன்னலில் நின்று கேட்டுவிட்டு, உச்சரிப்பைத் திருத்தினாள்.

துபாஷி வேலையும் நின்றுவிடவில்லை. ஆனால் யார் எதைச் சொன்னாலும் அப்படியே எடுத்துக் கொடுத்தாள். அதனால் சுண்டாங்காட்டில் சண்டை மறுபடியும் கூடிற்று. சமாதானத்துக்காக அவளைத் தேடி வந்த சிலர் வராமல் போனார்கள்.

அறுபத்தெட்டில் ஹர்பன்ஸ் கௌரின் கணவருக்கு மாற்றல் வந்தது. லாரி கிளம்பிய நேரம் வத்ஸலா வகுப்பில் இருந்தாள். பவுனம்மாள் லாரியின் பக்கத்தில் ரோடு வரைக்கும் நடந்தாளாம். இரண்டு பேரும் தமிழில் ஏதோ உரக்கச் சொல்லிக்கொண்டே போனார்களாம். கிளமென்ட்தான் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

"என்ன சொல்லிண்டா?" என்றாள் வத்ஸலா.

"இஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல டீச்சர். திட்டிக்கிட்ட மாதிரிதான் இருந்துச்சு."

அவள் தலையாட்டிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினாள். வகுப்பில் அன்று புதிதாக ஏழு பேர் சேர்ந்திருந்தார்கள்.